கணக்கில் சுமார்தான், கால்குலஸ் எடுக்கலாமா?

தமிழ்நாட்டில் கால்குலஸை, அதாவது நுண்கணிதத்தை, தனிப் பாடமாக யாரும் எடுப்பதில்லை. அது ப்ளஸ் ஒன்னில் எடுக்கிற குரூப்போடு சேர்ந்து வரும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் கோபியிலோ உடுமலையிலோ ராசிபுரத்திலோ பள்ளி அலுவலகத்து முன்னால் நிற்கிற அப்பா கேட்பது, "பையன் கணக்குல எழுபது எடுத்திருக்கானுங்க சார், ஃபர்ஸ்ட் குரூப் தாங்குவானுங்களா?" என்றுதான். கால்குலஸ் என்ற பேச்சே அவர் வாயில் வராது. ஆனால் அவர் பயம் அதைப் பற்றியதுதான். மேட்ரிக்ஸ், திரிகோணமிதி, ஆயத்தொலை வடிவியல் எல்லாம் பத்தாம் வகுப்பிலேயே பார்த்த முகங்கள். பதினொன்றில் புதிதாக வந்து மிரட்டுவது கால்குலஸ்.

இதற்கு ஆளுக்கொரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மார்க்கில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள ஃபர்ஸ்ட் குரூப், கீழே காமர்ஸ், அதற்கும் கீழே வொகேஷனல் என்று பிரித்துவிடும். சொந்தக்காரர்கள் "இன்ஜினியரிங் படிச்சவனே சும்மா உக்காந்திருக்கான்" என்பார்கள். டியூஷன் சென்டர் "எங்ககிட்ட விடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்னும். அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. என் கணிப்பில் பதில் அங்கேதான் இருக்கிறது. கணக்கில் சுமாரான பிள்ளைகளில் பெரும்பாலோரால் கால்குலஸ் படிக்க முடியும். அவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதற்கு அடியில் இருந்திருக்க வேண்டிய அல்ஜீப்ராதான்.

முதலில், எவ்வளவு பாடம் என்று பார்த்துவிடலாம். 2018-ல் மாறிய பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 12 அத்தியாயங்கள். எல்லைகளும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் ஆகிய மூன்றும் இரண்டாம் தொகுதியில் வருகின்றன. பன்னிரண்டில் மறுபடி 12 அத்தியாயங்கள். வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், பகுதி வகைக்கெழுக்கள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று அதில் நான்கு. ஆக இரண்டு வருஷத்தில் 24-க்கு 7. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எழுத்துத் தாளுக்கு 90 மார்க், இன்டர்னலுக்கு 10. அந்த 90-ல் ஒரு மார்க் கேள்விகள் மட்டும் 20. இரண்டு மார்க், மூன்று மார்க் கேள்விகளில் சாய்ஸ் உண்டு. ஐந்து மார்க்கில் ஒவ்வொன்றுக்கும் 'அல்லது' உண்டு. மேட்ரிக்ஸ், கலப்பெண், வெக்டர், பரவளையம் என்று முதல் தொகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, புக் பேக் ஒரு மார்க்கை உருப்போட்டால் கால்குலஸைத் தொடாமலே பாஸாகிவிடலாம். பல பேர் அப்படித்தான் போகிறார்கள். குரூப் எடுத்திருப்பார்கள், கால்குலஸ் எடுத்திருக்க மாட்டார்கள். இந்தக் கூட்டத்தைப் பற்றி அப்புறம் பேச வேண்டியிருக்கிறது.

அணைக்கணக்கு

கால்குலஸ் என்றால் என்ன என்று கேட்டால், ஈரோட்டுப் பக்கத்து நாளிதழில் வரும் அணை நிலவரத்தைத்தான் நான் காட்டுவேன். பவானிசாகர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி., வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி. கீழ்பவானிப் பாசனத்தை நம்பி இருக்கிற வீடுகளில் பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களும் இதைக் கேட்டுத்தான் நடவைப் பற்றி யோசிப்பார்கள். கால்குலஸின் இரண்டு பாதிகளும் அந்த நான்கு எண்களுக்குள் இருக்கின்றன.

வரத்து என்பது வேகம். இருப்பு என்பது சேர்ந்து நிற்பது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. வகுத்துப் பார்த்தால், வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி. சேரும். இது வெறும் பெருக்கல்தான், ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் நீலகிரியில் மழை பிடித்துவிட்டால் பவானியிலும் மாயாற்றிலும் தண்ணீர் ஒரே அளவாக வராது. காலையில் 2,000 என்பார்கள், மதியம் 9,000, ராத்திரி 15,000. அன்றைக்கு எவ்வளவு சேர்ந்தது? மணிக்கொரு தரம் அளந்து, ஒவ்வொன்றையும் 3,600-ஆல் பெருக்கிக் கூட்டலாம். இன்னும் துல்லியம் வேண்டுமா, நிமிஷத்துக்கு ஒரு தரம் அளந்து 60-ஆல் பெருக்கிக் கூட்டலாம். துண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எந்த எண்ணை நெருங்குகிறதோ, அதுதான் தொகையிடலின் விடை. எதிர்ப்பக்கமாகவும் போகலாம். இருப்பு நேரத்துக்கு நேரம் எவ்வளவு ஏறுகிறது என்று மட்டும் தெரிந்தால், வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அது வகையிடல்.

இப்போது ஒரு கேள்வி. வரத்து 15,000-லிருந்து 8,000 ஆகக் குறைகிறது, வெளியேற்றம் 3,000-லேயே நிற்கிறது. நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகள்கூட சட்டென்று "இறங்கும்" என்று சொல்லிவிடுவதுண்டு. வரத்து குறைந்தாலும் வெளியேற்றத்தைவிட அதிகமாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏறுகிற வேகம் மட்டும் குறையும். வரத்தும் வெளியேற்றமும் சமமாகிற அந்த நேரத்தில்தான் மட்டம் உச்சத்தைத் தொடும். 'பெருமம் காண முதல் வகைக்கெழுவைப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்துக' என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. அணையின் முழு மட்டம் 105 அடி, முழுக் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. வகுத்தால் அடிக்குச் சராசரியாக 0.31 டி.எம்.சி. வருகிறது. ஆனால் அணையின் அடி குறுகல், மேலே போகப் போக அகலம். அதனால் 40 அடியில் ஓரடி ஏறுவதும் 100 அடியில் ஓரடி ஏறுவதும் ஒன்றாகாது. மேலே ஓரடி ஏற, கீழே தேவைப்பட்டதைப்போலப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். சராசரி வீதத்துக்கும் அந்த இடத்து வீதத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். அந்த வித்தியாசத்தைப் பிடிப்பதற்காகத்தான் எல்லை என்கிற அத்தியாயமே எழுதப்பட்டிருக்கிறது.

சுமாரான பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புரியும். பள்ளியில் இதைச் சொல்வதற்கு நேரம் ஒதுக்குவதில்லை என்பதுதான் நிலைமை. (போகிற போக்கில் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், 14-ஆம் நூற்றாண்டில் பிறந்த கேரளக் கணித அறிஞர் சங்கமகிராமத்து மாதவனும் அவர் வழிவந்தவர்களும் முடிவில்லாத தொடர்களைக் கூட்டிப் பார்த்து, கால்குலஸின் வாசல்வரை வந்துவிட்டார்கள். நிரூபணங்களை மலையாள உரைநடையிலேயே எழுதியும் வைத்தார்கள். கால்குலஸை உருவாக்கியவர்கள் என்று சொல்லப்படும் நியூட்டனும் லைப்னிட்ஸும் வந்தது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்.)

எந்த எழுபது?

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் பத்து, ஐந்து மார்க்கில் பத்து எழுத வேண்டும். கடைசியில் எட்டு மார்க்குக்கு ஜியாமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று. கை பழகிய பிள்ளைக்கு ஜியாமெட்ரியும் கிராஃபும் சேர்ந்து 16 உறுதி. ஒரு மார்க்கை உருப்போட்டால் இன்னொரு 14 வரை வரும். கூம்பு, உருளை என்று அளவியலில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் போதும். புள்ளியியலில் திட்டவிலக்கம் ஓர் அட்டவணை வேலை. தொடர்வரிசையிலும் நேரடிக் கேள்விகள் உண்டு. சாய்ஸைச் சரியாகப் பயன்படுத்தினால், மூன்றாவது அத்தியாயமான இயற்கணிதத்தை ஓரம் கட்டிவிட்டே எழுபதைத் தொட்டுவிடலாம். அதே எழுபதை இன்னொரு பிள்ளை, இயற்கணிதத்தை ஒழுங்காகப் போட்டு, ஜியாமெட்ரியில் காம்பஸ் வழுக்கி, அளவியலில் பெருக்கல் தப்பாகி வாங்கியிருக்கும். மார்க் ஷீட்டில் இரண்டும் ஒன்றுதான். பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதியைத் திறக்கும்போது ஒருவர் சமாளிப்பார், மற்றவர் திணறுவார்.

ஏன் என்று ஒரு கணக்கில் காட்டலாம். மேலே மூன்று எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஐந்து, கீழே இரண்டு எக்ஸ் கழித்தல் ஒன்று. இதை வகையிடச் சொல்கிறார்கள். இதில் கால்குலஸ் வேலை எவ்வளவு? மேலே இருப்பதை வகையிட்டால் ஆறு எக்ஸ், கீழே இருப்பதை வகையிட்டால் இரண்டு. வகுத்தல் விதிப்படி, கீழே இருப்பதை ஆறு எக்ஸால் பெருக்கி, மேலே இருப்பதை இரண்டால் பெருக்கி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, கீழே இருப்பதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான், ஒரே வரி. இதுவரை சுமாரான பிள்ளைகளும் சரியாகத்தான் வருகிறார்கள். அடுத்து அடைப்புக்குறியை உடைக்க வேண்டும். முதலாவது, பன்னிரண்டு எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் ஆறு எக்ஸ். இரண்டாவது, ஆறு எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் பத்து. கழித்தால் ஆறு எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் ஆறு எக்ஸ் கழித்தல் பத்து. பல நோட்டுகளில் அந்தக் கடைசிப் பத்து 'கூட்டல் பத்து' என்று இருக்கும். கழித்தல் குறி அடைப்புக்குறிக்குள் முதல் உறுப்போடு நின்றுவிட்டது, இரண்டாவதுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னும் சிலர் கீழே இருக்கும் இரண்டு எக்ஸை மேலே இருக்கும் ஆறு எக்ஸோடு அடித்துவிட்டு மூன்று என்று எழுதியிருப்பார்கள்.

இரண்டுமே எட்டாம் வகுப்புத் தப்புகள். ஆனால் விடை தப்பானதும் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்வது, "எனக்கு கால்குலஸ் வரலம்மா." அம்மா டியூஷன் சேர்க்கிறார். டியூஷனில் இன்னும் ஐம்பது வகையிடல் கணக்கு போட வைக்கிறார்கள். அடைப்புக்குறியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாமக்கல் வழி

கொங்கு நாட்டில் இதைப் பேசும்போது நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளைத் தாண்டிப் போக முடியாது. ப்ளஸ் டூவுக்கு 1,200 மார்க் இருந்த காலத்தில், மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் அங்கே வந்து இறங்கினார்கள். காலை ஐந்து மணிக்கு ஸ்டடி, ராத்திரி பதினொன்று வரை ஸ்டடி. கோழிப்பண்ணைக்குப் பேர் போன ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் மார்க் வாங்கினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தினார்கள். அப்போது ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பொறியியல் நுழைவுத்தேர்வும் 2007-ல் போய்விட்டது. பதினொன்றாம் வகுப்புக் கணக்கு எந்தத் தாளிலும் கேட்கப்படாது என்றால் அதை யார் நடத்துவார்கள்?

கால்குலஸுக்கு இது எப்படிப்பட்ட அடி என்று யோசித்துப் பாருங்கள். எல்லை, வகையிடலின் விதிகள், தொகையிடலின் தொடக்கம் மூன்றும் பதினொன்றில். அவற்றின் பயன்பாடுகள் பன்னிரண்டில். அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடி கட்டிய கதைதான். பிள்ளை 'பெருமம் சிறுமம்' கணக்குகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பான். ஏன் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்துகிறோம் என்று கேட்டால் முழிப்பான்.

இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அதோடு பாடத்துக்கு 200 என்பது 100 ஆகி, மொத்தம் 600 ஆனது. ஆனால் உயர்கல்விச் சேர்க்கைக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று அடுத்த வருஷமே முடிவானதால் தேர்வின் பல் பாதி விழுந்துவிட்டது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அந்தத் தேர்வையே கைவிட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைகிறது என்பது நியாயமான காரணம்தான். இருந்தாலும், பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதியை மேய்ந்துவிட்டுப் போகும் பழைய ஆசை மறுபடி எட்டிப் பார்க்கும் என்றே நினைக்கிறேன். பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி சென்டம் எத்தனை என்பதில்லை. "ப்ளஸ் ஒன் மேத்ஸ் செகண்ட் வால்யூம் எந்த மாசம் ஆரம்பிப்பீங்க?" என்று கேளுங்கள்.

விளைவு தெரிவது கல்லூரி முதல் செமஸ்டரில். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் கணக்குத் தாளின் பெயரே 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்றுதான் இருந்தது. ஐந்து யூனிட்டில் ஒன்று மேட்ரிக்ஸ், மீதி நான்கும் கால்குலஸ். பள்ளியில் அதைத் தொடாமல் பாஸ் ஆன கூட்டம் என்று மேலே சொன்னேனே, அவர்கள் வந்து விழுகிற இடம் இதுதான். எம்-1 என்கிற அந்த முதல் தாளில் அரியர் இருக்கும்போதே எம்-2 வரும், அப்புறம் பல பிரிவுகளில் மூன்றாம் செமஸ்டரிலும் ஒரு கணக்குத் தாள் வரும். கணக்கு அரியர் மட்டும் கடைசிவரை கூடவே வரும்.

காமர்ஸ் போனால் தப்பிக்கலாமா?

பாதிதான் தப்பிக்கலாம். வணிகவியலோடு 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' சேர்ந்த குரூப்பை எடுத்தால் அங்கேயும் கால்குலஸ் காத்திருக்கிறது. பதினொன்றில் வகை நுண்கணிதமும் அதன் பயன்பாடுகளும், பன்னிரண்டில் தொகை நுண்கணிதம் இரண்டு அத்தியாயம், வகைக்கெழுச் சமன்பாடு ஒன்று. கணக்கு வேண்டாம் என்று ஓடிவந்து இதில் மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் நிறைய.

ஆனால் கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கால்குலஸ் வேறு இல்லை என்பேன். திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,600 மூட்டை நூல் தேவை. ஒவ்வொரு தரம் ஆர்டர் போடும்போதும் லாரி வாடகை, இறக்குகூலி, மற்ற செலவு எல்லாம் சேர்ந்து 1,800 ரூபாய். ஒரு மூட்டையை வருஷம் முழுக்கக் குடோனில் வைத்திருந்தால் வட்டி, வாடகை சேர்ந்து 100 ரூபாய். ஒரு தரத்துக்கு எத்தனை மூட்டை வாங்குவது? அதிகமாக வாங்கினால் குடோன் செலவு ஏறும், கொஞ்சமாக வாங்கினால் ஆர்டர் செலவு ஏறும். மொத்தச் செலவை எழுதி, வகையிட்டு, பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் 360 மூட்டை என்று வருகிறது. வருஷத்துக்குப் பத்து ஆர்டர், 18,000 ரூபாய். குடோனில் சராசரியாக 180 மூட்டை, அதற்கும் 18,000. மொத்தம் 36,000.

சூத்திரத்தைப் போட்டு 360 என்று எழுதினால் மார்க் கிடைத்துவிடும். சுவாரஸ்யம் அதற்கு அப்புறம். 360-க்குப் பதில் 300 மூட்டையாக வாங்கினால் என்ன ஆகும்? பன்னிரண்டு ஆர்டருக்கு 21,600, குடோனுக்கு 15,000, மொத்தம் 36,600. வெறும் 600 ரூபாய்தான் அதிகம். 600 மூட்டையாக வாங்கினால்? ஆறு ஆர்டருக்கு 10,800, குடோனுக்கு 30,000, மொத்தம் 40,800. ஆக, சரியான அளவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பெரிய நஷ்டமில்லை, ரொம்ப விலகினால்தான் வலிக்கும். காரணம், சிறுமப் புள்ளியில் சாய்வு பூஜ்ஜியம். அந்த இடத்தில் வளைகோடு ஏறக்குறையத் தட்டையாக இருக்கிறது. தொழில் செய்கிறவர்கள் இதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருப்பார்கள். பதினாறு வயதில் பேப்பரில் தெரிந்துகொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கணக்கே வேண்டாம் என்று பியூர் சயின்ஸ் போனவர்களுக்கு வேறு விதமான தமாஷ். தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல் என்று நிம்மதியாக உட்கார்ந்தால், பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே வகையிடலும் தொகையிடலும் வந்து நிற்கும். கணக்கு எடுத்த பிள்ளைக்கே அப்போது அதெல்லாம் புதுசு, ஏனென்றால் கணக்கு வகுப்பில் அது இரண்டாம் தொகுதியில்தான் வரும். இரண்டு புத்தகத்தையும் எழுதியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லையோ என்று தோன்றுகிறது.

அப்படியானால் யாருக்கு வேண்டும்?

பொறியியல் பக்கம் கொஞ்சம் ஆசை இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது. கவுன்சிலிங் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. பாதி கணக்குதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-லிருந்து பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்தியூரிலோ தாராபுரத்திலோ அரசுப் பள்ளியில் சுமாராகக் கணக்கு போடுகிற பிள்ளை, முன்பு கனவிலும் நினைக்காத கல்லூரிக்குள் போக இது ஒரு வழி. "உனக்கெல்லாம் கணக்கு எதுக்கு கண்ணு" என்று சொல்லி அந்த வழியைப் பத்தாம் வகுப்பிலேயே அடைப்பது பாவம். ஆனால் உள்ளே போனதும் எம்-1 காத்திருக்கிறது என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

டிப்ளமோ வழியைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. கணக்கு வராத பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் போடலாம் என்பார்கள். அங்கேயும் முதல் வருஷக் கணக்கில் கால்குலஸ் உண்டு. கை வேலையில் ஆர்வம் இருக்கிற பிள்ளைக்குப் பாலிடெக்னிக் அருமையான இடம், கணக்கிலிருந்து ஒளிந்துகொள்ள அது தோதான இடமில்லை. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருஷம் பி.இ. சேர்ந்தால் முதல் இரண்டு கணக்குத் தாளும் மிச்சம் என்று சந்தோஷப்படலாம். மூன்றாம் செமஸ்டர் தாள் அந்தச் சந்தோஷத்தைக் கலைத்துவிடும்.

இங்கே ஜி.டி. நாயுடுவை இழுக்காமல் எந்தக் கோயம்புத்தூர்க்காரரும் பேச்சை முடிக்க மாட்டார். கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைச் சின்ன வயதிலேயே விட்டவர். 1937-ல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தவர். "அவரு என்ன கால்குலஸா படிச்சாரு?" என்பார்கள். சரி, படிக்கவில்லை. ஆனால் அவரே 1945-ல் பொறியியல் கல்லூரிக்குக் கால்கோள் போட்டார், இன்றைய ஜி.சி.டி., அதாவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதுதான். நாலு வருஷப் படிப்பு நேர விரயம், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளாததால் பொறுப்பைத் துறந்தார். படிப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, காலத்தைக் குறை என்றுதான் சொன்னார். அவரை உதாரணம் காட்டிப் பிள்ளையைக் கணக்கிலிருந்து இழுப்பவர்கள் இதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சட்டம், தமிழ், ஆங்கிலம், நர்சிங், காட்சித் தொடர்பியல் என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைக்குக் கால்குலஸ் கட்டாயமில்லை. மருத்துவம்தான் குறி என்றால் நீட்டில் கணக்குத் தாளே கிடையாது. வேளாண்மைப் படிப்புக்கும் உயிரியல் வழியாகப் போகலாம். பி.காம்., சி.ஏ. என்றால் வணிகக் கணிதம் போதும். பொருளாதாரத்தை மேல்படிப்புவரை படிக்கும் எண்ணம் இருந்தால் கால்குலஸ் இல்லாமல் ஓட்டுவது கஷ்டம். கம்ப்யூட்டர் பட்டப்படிப்புகளுக்குப் பல கல்லூரிகள் ப்ளஸ் டூவில் கணக்கோ வணிகக் கணிதமோ கேட்கும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இதில் ஒரு விதிவிலக்கு. பத்தாம் வகுப்பில் கணக்கு படித்திருந்தால் போதும், ப்ளஸ் டூவில் எந்த குரூப்பாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உள்ளே முதல் நிலையிலேயே கால்குலஸ் உண்டு. ஆக, பதினாறில் விட்டதைப் பதினெட்டில் பிடிக்கலாம், வழி முழுக்க அடைபடுவதில்லை. தனியாகப் பிடிப்பதற்குத்தான் தெம்பு கூடுதலாக வேண்டும்.

கால்குலஸுக்குப் பதில் புள்ளியியலை எல்லோருக்கும் வைக்கலாமே என்ற வாதம் வெளிநாடுகளில் பல வருஷமாக நடக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. கடன் வட்டியும் தேர்தல் கருத்துக்கணிப்பும் எல்லோர் வாழ்க்கையிலும் வரும், பகுதி வகைக்கெழு வராது. சி.பி.எஸ்.இ. அந்தத் திசையில் 'அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ்' என்று தனிப் பாடமே கொண்டுவந்தது. அதிலும் கால்குலஸை முழுசாக எடுத்துவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அதற்குச் சமமானது வணிகக் கணிதம்தான். மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் குரூப் என்ற பெயரிலிருந்து அது வெளியே வந்தால், சுமாரான பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதுவே சரியான இடம்.

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு இயற்கணித அத்தியாயத்தில் விகிதமுறு கோவைகளைச் சுருக்கும் கணக்குகளும், கூட்டிக் கழிக்கும் கணக்குகளும் இருக்கின்றன. அதில் ஒரு பத்தை, வழிகாட்டி நூல் இல்லாமல் போடச் சொல்லுங்கள். ஏழெட்டு சரியாக வந்தால் மொத்த மார்க் அறுபதாக இருந்தாலும் தாராளமாகச் சேர்க்கலாம். இரண்டு மூன்றுதான் வருகிறது என்றால் மொத்தம் எண்பதாக இருந்தாலும் தேர்வு முடிந்ததிலிருந்து பள்ளி திறக்கும்வரை உள்ள லீவில் வேலை இருக்கிறது. அந்த லீவில்தான் பல டியூஷன்களில் பதினொன்றாம் வகுப்பு முதல் அத்தியாயத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் அடைப்புக்குறி, கூட்டல் கழித்தல் குறி, காரணிப்படுத்தல், பின்னம், நேர்கோட்டின் சாய்வு இவற்றைத் தினம் ஒரு மணி நேரம் போட்டாலே போதும். சேர்ந்த பிறகு தாங்கவில்லை என்றால், முதல் சில வாரங்களுக்குள் கேட்டால் குரூப் மாற்றித் தரும் பள்ளிகள் பல உண்டு. காலாண்டுத் தேர்வு மார்க் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்குள் மற்ற குரூப்பில் இடமும் இருக்காது, பாடமும் பாதி தாண்டியிருக்கும்.